ஆனி மாசத்துல வந்த ஆடி வெள்ளி



இது கொஞ்சம் நீளமான பதிவு. கோயில் அறிவிப்பு வேலை பார்க்கிறவங்க, கோயில் கம்ப்யூட்டரைத் தொடுறவங்க, "தம்பி, அதெல்லாம் உனக்குத்தான் தெரியும்"னு மொத்தத்தையும் ஒரே பையன் தலையில கட்டிவிட்டிருக்கிற செயலவைக்காரங்க, மூணு தரப்பும் கடைசி வரைக்கும் படிங்க.

2025 ஜூலை 4, வெள்ளிக்கிழமை. நாள்காட்டியில ஆனி மாசம். ஆடி பிறக்க இன்னும் 13 நாள் இருக்கு. காலை 9 மணிக்கு எங்க கோயில் டெலிகிராம்ல ஓர் அறிவிப்பு போச்சு.

"இன்று ஆடி வெள்ளி. மாலை 7.00 மணிக்குத் திருவிளக்கு பூஜை. மாவிளக்கு ஏற்ற விரும்புவோர் 6.30க்குள் வரவும்."

யாரும் உட்கார்ந்து அனுப்பல. கம்ப்யூட்டர் தானா அனுப்புச்சு. அனுப்பச் சொல்லி அதுக்கு எழுதி வச்சது நான்.

நான் அன்னைக்குக் காலை ஷிப்ட். கைப்பேசி லாக்கர்ல. மத்தியானம் எடுத்துப் பார்த்தா குருக்கள் ஐயா மூணு தடவை கூப்பிட்டிருக்காரு. அதுக்குள்ள அந்த அறிவிப்பு டெலிகிராம்லேருந்து புலனக் குழுக்களுக்குப் போய், அங்கேருந்து அக்கா தங்கச்சி, சம்பந்தி வீடு வரைக்கும் போயிடுச்சு. "தவறான தகவல், மன்னிக்கவும்"னு நான் போட்டது டெலிகிராம்ல மட்டும் நின்னுச்சு. தப்பான செய்தியைப் பத்துப் பேர் பகிர்வாங்க, திருத்தத்தை யாரும் பகிர மாட்டாங்க. உங்களுக்கே தெரியும்.

சாயங்காலம் ஆறரைக்கு ஒரு பாட்டி வந்தாங்க. பக்கத்து தமான். மக வேலைக்குப் போயிட்டதால தனியா கிராப் பிடிச்சு வந்திருக்காங்க. கையில வாழை இலை போட்டு மூடின தட்டு. பச்சரிசியை ஊற வச்சு, இடிச்சு, வெல்லம் சேர்த்துப் பிசைஞ்சு, குழி பண்ணி நெய் ஊத்தி, திரி கூடப் போட்டுத் தயாரா கொண்டு வந்திருக்காங்க. கோயில்ல வழக்கமான சாயங்கால பூஜைதான். விளக்கு பூஜைக்கான பாய் விரிக்கல, குத்துவிளக்கு எடுத்து வைக்கல.

நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவங்க சொன்னது இதுதான்: "காலண்டர்ல ஆனின்னுதான் தம்பி போட்டிருந்துச்சு. எனக்கும் சந்தேகமா இருந்துச்சு. ஆனா கோயில்லேருந்து வந்திருக்கே, அவங்களுக்குத் தெரியாததான்னு நெனச்சேன்."

அம்மனுக்கு அந்த மாவிளக்கை குருக்கள் ஐயா ஏத்தி வச்சாரு. பாட்டி ஒண்ணும் கோவிச்சுக்கல. ஆனா அந்த வார்த்தை எனக்கு இன்னும் மறக்கல. தன் வீட்டு நாள்காட்டியை விட எங்க மெசேஜை நம்பினாங்க. அந்த மெசேஜை எழுதின நானோ, இணையத்துல ஒரு கருவி கொடுத்த ஒரு வரியை நம்பினேன்.

அந்த வரியைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

கம்ப்யூட்டர்ல குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு வேலையைத் தானா செய்ய வைக்க 'கிரான்'னு ஒண்ணு இருக்கு. ரொம்பப் பழசு. 1979ல வந்த யூனிக்ஸ் 7ஆம் பதிப்புலயே இருந்தது. 1987ல பால் விக்சி எழுதின வடிவத்துலேருந்து வந்ததுதான் இன்னைக்குப் பல லினக்ஸ் கணினிகள்ல ஓடுது. நேரத்தை அதுக்கு அஞ்சு கட்டத்துல சொல்லணும். நிமிஷம், மணி, தேதி, மாசம், கிழமை, இந்த வரிசையிலதான். "எதுவா இருந்தாலும் சரி"ன்னு சொல்லணும்னா அந்தக் கட்டத்துல நட்சத்திரக் குறி. கிழமைக்கு ஞாயிறு 0, திங்கள் 1, அப்படியே வெள்ளி 5.

வெள்ளிக்கிழமைதோறும் காலை 9 மணின்னா இப்படி:

0 9 * * 5

அர்ச்சனைச் சீட்டு மாதிரின்னு வச்சுக்குங்க. பேர், நட்சத்திரம், ராசி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டம். ஒரு வித்தியாசம். சீட்டுல நட்சத்திரம் எழுத வேண்டிய இடத்துல ராசியை எழுதிட்டா குருக்கள் நிமிர்ந்து பார்த்து "என்னம்மா, நட்சத்திரம் என்ன?"ன்னு கேப்பாரு. கம்ப்யூட்டர் கேக்காது. எழுதினதை அப்படியே செய்யும்.

இந்த அஞ்சு கட்டத்தை மனப்பாடமா எழுதத் தெரியாதவங்களுக்காக இணையத்துல நிறைய கருவிகள் இருக்கு. பொத்தான் இருக்கும், பட்டியல் இருக்கும். "எந்த மாசம்? எந்தத் தேதி? எந்தக் கிழமை?"ன்னு தேர்ந்தெடுத்தா வரியைச் செஞ்சு கொடுக்கும். நகல் எடுத்து ஒட்டினா முடிஞ்சுது. நானும் அதைத்தான் செஞ்சேன். ஆடி ஜூலை 17ல பிறக்குது. அதனால ஜூலை, 17லேருந்து 31 வரைக்கும், வெள்ளிக்கிழமை, காலை 9 மணின்னு தேர்ந்தெடுத்தேன். கருவி கொடுத்தது:

0 9 17-31 7 5

ஆகஸ்டுக்கு இதே மாதிரி இன்னொரு வரி. பார்க்க எவ்வளவு சரியா இருக்கு! 17லேருந்து 31க்குள்ள வர்ற வெள்ளி. வேற என்ன அர்த்தம் இருக்க முடியும்?

இருக்கு. கிரான்ல ஒரு பழைய விதி. தேதிக் கட்டம், கிழமைக் கட்டம் ரெண்டுலயும் நட்சத்திரக் குறி இல்லாம ஏதாவது எழுதிட்டா, ரெண்டும் சேர்ந்து பொருந்தணும்னு அது எதிர்பார்க்காது. ஏதாவது ஒண்ணு பொருந்தினாலே போதும். அதாவது நான் எழுதின வரிக்கு உண்மையான அர்த்தம்: ஜூலை மாசத்துல 17லேருந்து 31 வரைக்கும் தினமும் அனுப்பு. அது போக, ஜூலையில வர்ற எல்லா வெள்ளிக்கிழமையும் அனுப்பு.

ஜூலை 4 வெள்ளி. அனுப்பிடுச்சு.

இது கிரானோட கோளாறு இல்ல. அதோட கையேட்டுலயே எழுதியிருக்கு. கருவியும் பொய் சொல்லல. வரிக்குக் கீழ ஆங்கிலத்துல விளக்கம்கூடக் கொடுத்துச்சு: 17 முதல் 31 வரை ஒவ்வொரு நாளும் "அண்ட்" வெள்ளிக்கிழமையும். அந்த "அண்ட்"லதான் நான் விழுந்தேன். "அந்தத் தேதியாவும் இருக்கணும், வெள்ளியாவும் இருக்கணும்"னு நான் படிச்சேன். "அந்தத் தேதிகள்லயும் போகும், வெள்ளிகள்லயும் போகும்"னு அது சொல்லுச்சு. தமிழ்ல ஒரு தடவை எழுதிப் பார்த்திருந்தா அங்கேயே தடுக்கியிருக்கும். நான் எழுதல. பச்சை நிறத்துல சரிக்குறி வந்துச்சு, போதும்னு விட்டுட்டேன்.

அதை விட வெட்கம், ஜூலை 4 நடந்த பிறகும் எனக்குப் பிடிபடல. வரியைத் திறந்து பார்த்தேன். 17-31 இருக்கு, 7 இருக்கு, 5 இருக்கு. சரியாத்தானே இருக்கு, யாரோ கைதவறி எதையோ அமுக்கிட்டாங்கன்னு நெனச்சேன். அடுத்த வெள்ளி, 11ஆம் தேதி, மறுபடியும் "இன்று ஆடி வெள்ளி". அன்னைக்கு ராத்திரிதான் உட்கார்ந்து கையேட்டைப் படிச்சேன். படிக்காம விட்டிருந்தா 17லேருந்து மாசக் கடைசி வரைக்கும் தினமும் ஆடி வெள்ளி வந்திருக்கும், செவ்வாய்க்கிழமை உட்பட.

இதுல உண்மையான நஷ்டம் ஜூலை 18ல தெரிஞ்சுது. அது நிஜமான முதல் ஆடி வெள்ளி. அறிவிப்பு சரியா போச்சு. வழக்கமா வர்ற கூட்டத்துல பல முகங்களைக் காணோம். பாட்டியும் வரல. மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இதுவும் கம்ப்யூட்டர் மெசேஜ்தான்னு நெனச்சோம் அண்ணே"ன்னு சொன்னாங்க.

செயலவைக் கூட்டத்துல ரெண்டு கருத்து வந்துச்சு. ரெண்டையும் நான் ஏத்துக்கல. ஏன்னு சொல்றேன்.

முதல் கருத்து, பெரியவங்களோடது: "கோயிலுக்கு எதுக்குப்பா இதெல்லாம்? இனிமே கையாலயே அனுப்பு." நான் கையால அனுப்பின காலத்தை அவங்க மறந்துட்டாங்க. நான் ஷிப்ட் வேலைக்காரன். ராத்திரி ஷிப்ட் முடிச்சுத் தூங்கி எழுந்தா பிரதோஷ நேரமே தாண்டியிருக்கும். சங்கடஹர சதுர்த்திக்கு மறுநாள் "நேற்று சங்கடஹர சதுர்த்தி"ன்னு ஒருத்தர் கிண்டலா போட்ட மெசேஜை நான் இன்னும் வச்சிருக்கேன். தொண்டு செய்ய வர்றவங்களுக்கு வேலை இருக்கு, குடும்பம் இருக்கு. வாராவாரம் ஒரே நேரத்துல ஒரே வேலையைச் செய்யுற சுமையை மெஷின் எடுத்துக்கிட்டா, அந்த நேரத்துல நாம அன்னதானத்துல நாலு தட்டு கழுவலாம். இதுல தப்பே இல்ல.

ரெண்டாவது கருத்து, இளைஞர்களோடது: "அண்ணே, நீங்க தப்பான கருவியைப் பிடிச்சிட்டீங்க. இப்பதான் சாட்ஜிபிடி இருக்கே, தமிழ்லயே கேளுங்க, சரியா எழுதிக் கொடுக்கும்." கொடுக்கலாம். ஆனா கொடுத்தது சரியா இல்லையான்னு யார் பார்க்கிறது? வரியை யார் எழுதிக் கொடுத்தாலும், அதைப் படிக்கத் தெரியாதவன் கையில அது ஒரு நம்பிக்கைதான். கோயில்ல நம்பிக்கை வைக்க வேண்டிய இடம் வேற.

என் கருத்து இதுதான். கருவியைத் தாராளமா பயன்படுத்துங்க. ஆனா படிக்கத் தெரியாத வரியைக் கோயில் பேர்ல ஓட விடாதீங்க. அஞ்சே கட்டம். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தா கத்துக்கலாம். எழுதுறதைக் கருவி செய்யட்டும், படிக்கிறதை நாம செய்யணும்.

படிக்கத் தெரியலேன்னா என்னென்ன ஆகும்னு இன்னும் சில உதாரணம் சொல்றேன். சிலது எங்க கோயில்ல நடந்தது, சிலது மத்த கோயில் நண்பர்கள் சொன்னது.

பூ கட்டுற முறை. ரெண்டு குடும்பம், ஒருநாள் விட்டு ஒருநாள். நினைவூட்டலுக்கு "ரெண்டு நாளைக்கு ஒருமுறை"ன்னு தேர்ந்தெடுத்தாங்க. கருவி தேதிக் கட்டத்துல */2ன்னு கொடுத்துச்சு. அது 1, 3, 5ன்னு போய் 31ல முடியும். மறுநாள் மறுபடி 1. அடுத்தடுத்து ரெண்டு நாளும் ஒரே குடும்பத்துக்கு நினைவூட்டல் போச்சு. இன்னொரு வீட்டுல "அவங்களுக்கு மட்டும் ரெண்டு நாளா?"ன்னு மனஸ்தாபம். கிரான் நாளை எண்ணாது. தேதியைத்தான் பார்க்கும். மாசம் மாறினதும் கணக்கைப் புதுசா ஆரம்பிச்சிடும்.

கும்பாபிஷேகத்துக்கு அப்புறம் நடக்கிற 48 நாள் மண்டலாபிஷேகத்துக்கும் இதே கதைதான். தேதிக் கட்டத்துக்கு 31க்கு மேல எண்ணே கிடையாது. 48 நாளை அந்த அஞ்சு கட்டத்துக்குள்ள எழுத வழியே இல்ல.

கிழமை விஷயத்துல கெடாக்காரங்க நாம ரொம்பக் கவனமா இருக்கணும். பல கருவியில "வேலை நாட்கள்"னு ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினா 1-5ன்னு வரும், திங்கள் முதல் வெள்ளி வரைக்கும். அது கோலாலம்பூருக்குச் சரி. நமக்கு, கிளந்தானுக்கு, திரெங்கானுவுக்கு வெள்ளி, சனிதான் வார விடுமுறை. ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. எங்க தேவார வகுப்பு பள்ளி நாள் சாயங்காலம் நடக்கும். 1-5ன்னு போட்டதால வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லாத நாள்ல "இன்று வகுப்பு உண்டு"ன்னு போச்சு, ஞாயித்துக்கிழமை ஒண்ணுமே போகல. நமக்கு அது 0-4ன்னு இருக்கணும். ஜொகூர்லயும் முன்னாடி வெள்ளி, சனிதான், 2025 ஜனவரி 1லேருந்து சனி, ஞாயிறுக்கு மாத்திட்டாங்க. அங்க பழைய வரியை யாராவது மாத்தாம வச்சிருந்தா உடனே பாருங்க.

நேர வலயம் அடுத்தது. நண்பர் ஒருத்தர் தன் கோயில் அறிவிப்பை வெளிநாட்டு வாடகை சர்வர்ல ஓட்டுறாரு. வெள்ளிக்கிழமை விடியற்காலை 5.30க்குப் போக வேண்டியது மத்தியானம் 1.30க்குப் போச்சு. ஏன்னா அந்த சர்வர் உலக நேரத்துல ஓடுது. நாம அதை விட 8 மணி நேரம் முன்னாடி. சரின்னு மணியை 21.30க்கு மாத்தினாரு. கிழமையை மாத்தல. இப்ப சனிக்கிழமை விடியற்காலையில வந்து நின்னுச்சு. நமக்கு வெள்ளி விடியற்காலை 5.30ன்னா அங்க இன்னும் வியாழன் ராத்திரி. கிழமைக் கட்டத்துல 4 இருக்கணும். தமிழ்நாட்டு நாள்காட்டியில இருக்கிற நேரத்தை அப்படியே எடுக்கிறவங்களுக்கும் இதே எச்சரிக்கை. அங்கேயும் நமக்கும் ரெண்டரை மணி நேர வித்தியாசம்.

இன்னொண்ணு. எல்லாக் கருவியும் ஒரே வகை வரியைக் கொடுக்காது. ஜாவா நிரல்கள்ல பயன்படுத்துற 'குவார்ட்ஸ்' வகையில முதல் கட்டமே வினாடி. மொத்தம் ஆறு இல்லேன்னா ஏழு கட்டம். அதுல ஞாயிறு 1, அதனால வெள்ளி 6. சாதாரண கிரான்ல 6ன்னா சனி. கருவி எந்த வகைன்னு பார்க்காம நகல் எடுத்தா, ஒரு நாள் தள்ளிப் போயிடும்.

இதெல்லாம் கவனமா படிச்சா தீர்ந்துடுற தப்புகள். தீராதது ஒண்ணு இருக்கு. அதைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன்.

நம்ம விசேஷங்கள்ல பெரும்பாலானது ஆங்கிலத் தேதியில வராது. திதியில வரும், நட்சத்திரத்துல வரும். தைப்பூசத்தைப் பாருங்க. 2024ல ஜனவரி 25. 2025ல பிப்ரவரி 11. 2026ல பிப்ரவரி 1. எந்தக் கருவியும் இதை அஞ்சு கட்டத்துல எழுதித் தராது. கிரான்ல நட்சத்திரக் குறி இருக்கு, பூச நட்சத்திரம் இல்ல. ஆனா சில பேர் முயற்சி பண்றாங்க. பிரதோஷம் 15 நாளைக்கு ஒருமுறை வருதுன்னு தேதிக் கட்டத்துல */15 போட்டு வச்சிருந்த ஒரு கோயிலை எனக்குத் தெரியும். அது 1, 16, 31 தேதிகள்ல ஓடும். வளர்பிறை, தேய்பிறைத் திரயோதசிக்கும் அந்தத் தேதிக்கும் சம்பந்தமே இல்ல. ஒரு தடவை தற்செயலா பொருந்துச்சாம். அதனால சரின்னே நெனச்சிட்டாங்க.

ஆடி, தை மாதிரி சூரிய மாசங்கள் ஓரளவு நிலையா வரும். அதுகூட ஒரு வருஷம் ஜூலை 16, ஒரு வருஷம் 17ன்னு நகரும். "போன வருஷ வரியே இருக்கட்டும்"னு விட முடியாது.

நாள் குறிக்கிறது குருக்கள் வேலை. திதி ரெண்டு நாள் தொட்டு நின்னா எந்த நாள்ல எடுக்கிறதுன்னு முடிவு பண்ண அவருக்குத் தெரியும். கேக்கிறதுக்கு ஆளும் உண்டு. அந்த முடிவை நாம தெரியாமலேயே ஒரு வரிக்குள்ள எடுத்துக்கிட்டோம்னா, அது வசதிக்காகச் செஞ்சதா இருந்தாலும் தப்புதான். யாரும் என்கிட்ட "நீ ஆடி வெள்ளியைக் குறி"ன்னு சொல்லல. நான் குறிச்சுட்டேன்.

சரி, இப்ப எங்க கோயில்ல எப்படிச் செய்யறோம்னு சொல்றேன். எடுத்துக்க வேண்டியதை எடுத்துக்குங்க.

1. வருஷ ஆரம்பத்துல குருக்கள் ஐயாவோட உட்கார்ந்து எல்லா விசேஷத்துக்கும் தேதிப் பட்டியல் எழுதுறோம். பிரதோஷம், சஷ்டி, கார்த்திகை, பௌர்ணமி, ஆடி வெள்ளி எல்லாம். 2025ன்னா ஆடி வெள்ளி ஜூலை 18, 25, ஆகஸ்ட் 1, 8, 15. அஞ்சு தேதி, அவ்வளவுதான். இதுக்குப் போய் நான் கருவியில பொத்தான் அமுக்கிக்கிட்டு இருந்தேன். பட்டியல்ல அவர் கையெழுத்துப் போடுவாரு.

2. கம்ப்யூட்டர்ல இப்ப ஒரே வரிதான்: 0 9 * * *. தினமும் காலை 9 மணிக்கு எழுந்து பட்டியலைப் பாரு, இன்னைக்குத் தேதி இருந்தா அதுக்கான அறிவிப்பை அனுப்பு, இல்லேன்னா சும்மா இரு. சிக்கலான வரியே வேணாம். பட்டியலைப் பொருளாளர் அண்ணன்கூடத் திருத்தலாம். அவருக்குக் கிரான் தெரிய வேண்டாம்.

3. வாராவாரம் கிழமைப்படி நடக்கிறதுக்கு மட்டும் தனி வரி வைக்கிறோம். கருவியில எழுதுறோம், அப்புறம் இன்னொரு கருவியில போட்டு அடுத்த பத்துத் தேதியைக் காட்டச் சொல்றோம். அந்தப் பத்தையும் சுவர் நாள்காட்டியில விரல் வச்சுப் பார்க்கிறோம். ஜூன் மாசத்துல நான் இதைச் செஞ்சிருந்தா, ஜூலை 4 முதல் தேதியா வந்து நின்னிருக்கும்.

4. ஒவ்வொரு வரியையும் தமிழ்ல ஒரு வாக்கியமா எழுதி, கம்ப்யூட்டர் தெரியாத ஒருத்தருக்கு வாசிச்சுக் காட்டுறோம். எங்க கோயில்ல அது மடப்பள்ளி அக்கா. "ஞாயிறு முதல் வியாழன் வரை, சாயங்காலம் நாலு மணி, மலேசிய நேரம்"னு வாசிச்சா, "ஸ்கூல் லீவு வந்தா?"ன்னு உடனே கேட்டாங்க. நான் யோசிக்கவே இல்ல.

5. புது வரி எதுவும் முதல் ரெண்டு வாரம் எங்க நாலு பேர் குழுவுக்குத்தான் போகும். அப்புறம்தான் பொதுவுக்கு.

6. எல்லா வரியும் அலுவலகத்துல ஒரு நோட்டுப் புத்தகத்துல இருக்கு. யார் எழுதினது, என்னைக்கு, எதுக்கு, எப்படி நிறுத்துறது. நிறுத்துறது எப்படிங்கிறது ரொம்ப முக்கியம்.

ஆறாவதுக்கு ஒரு காரணம் இருக்கு. எனக்கு முன்னாடி இந்த வேலையைப் பார்த்த தம்பி ஒரு சின்ன ராஸ்பெரி பை பெட்டியை வச்சு விடியற்காலை பக்திப் பாட்டு ஓட வச்சிருந்தாரு. அருமையான பையன். வேலை கிடைச்சு சிங்கப்பூர் போயிட்டாரு. ஒரு எஸ்.பி.எம். தேர்வு நேரம், பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் வந்து, பேரப் பிள்ளைக்குப் பரீட்சை, ஒரு மாசத்துக்கு அரை மணி நேரம் தள்ளி வைக்க முடியுமான்னு மரியாதையா கேட்டாரு. நியாயமான கேள்வி. எங்களுக்கு எங்க மாத்துறதுன்னு தெரியல. கடைசியில பிளக்கைப் பிடுங்கினோம். அதே பெட்டிதான் சதுர்த்தி, சஷ்டி அறிவிப்பையும் அனுப்பிட்டு இருந்துச்சுன்னு மூணு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

அந்தப் பெட்டியோட இன்னொரு குணம், கரண்ட் போனா அந்த நேரத்து வேலை போனதுதான். திரும்பி வந்ததும் விட்டதைச் செய்யாது. பழைய மாடல்ல கடிகாரத்துக்குத் தனி பேட்டரியும் இல்ல. இடி மழைக்கு அப்புறம் இணையமும் வரலேன்னா அதுக்கு மணியே தெரியாது. இதையும் நோட்டுல எழுதி வச்சிருக்கோம். அந்தத் தம்பி மேல தப்பு சொல்லல. யாருமே அவர்கிட்ட "இதை எங்களுக்கும் சொல்லிக்கொடு"ன்னு கேக்கல. கோயில் சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கணும்னு நமக்குத் தெரியும். இதுவும் ஒரு சாவிதான்.

தமானுக்குப் புதுசா வர்ற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இதெல்லாம் சுலபம். அரை மணி நேரத்துல எல்லாத்தையும் தானியங்கியா மாத்திடுவீங்க. செய்யுங்க, கோயிலுக்கு நீங்க வேணும். ஆனா ஆபீஸ்ல ஒரு வரி தப்பா ஓடினா எச்சரிக்கை வரும், மேலாளர் கேப்பாரு. கோயில்ல தப்பா ஓடினா எச்சரிக்கை வராது. ஒரு பாட்டி வந்து நிப்பாங்க. இல்லேன்னா, வராம போயிடுவாங்க.

ஜூலை 19, சனிக்கிழமை எனக்கு லீவு. பாட்டி வீட்டுக்கே போனேன். நடந்ததைச் சொன்னேன். கிரான், கட்டம் எல்லாம் சொல்லல. "நான் சரியா படிக்காம எழுதிட்டேன் பாட்டி, இனிமே குருக்கள் கையெழுத்துப் போட்ட தேதிக்குத்தான் மெசேஜ் வரும்"னு மட்டும் சொன்னேன். காப்பி கொடுத்தாங்க.

ஜூலை 25, ரெண்டாவது ஆடி வெள்ளி. மாவிளக்குத் தட்டோட வந்தாங்க. என்னைப் பார்த்ததும் சிரிச்சுக்கிட்டே, "காலண்டரையும் பார்த்துட்டுத்தான் தம்பி வந்தேன்"னாங்க.

பார்க்கட்டும். அதுதான் சரி.

உங்க கோயில்ல அறிவிப்புகளை யார் அனுப்புறாங்க, எது தானா போகுது, அதை நிறுத்தத் தெரிஞ்சவங்க எத்தனை பேர்? ஒருத்தர்தான்னா இந்த வாரமே உட்கார்ந்து எழுதி வைங்க. அஞ்சு கட்டத்தைக் கத்துக்க ஆசைப்படுற தொண்டர்கள் கீழ எழுதுங்க. எங்க கோயில் மண்டபத்துல ஒரு வெள்ளிக்கிழமை காலையில, நமக்கு லீவுதானே, தமிழ்லயே சொல்லித் தர்றேன். மத்தியானம் அன்னதானம் உண்டு.